சாகுல் பாய் செய்த மூன்று பிக்கப் கிட்டார்

சாகுல் பாய் இறந்த செய்தி ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்கு வந்தது. கீபோர்டை ஸ்டாண்டில் ஏற்றி ஒயர் சொருகிக்கொண்டிருந்தேன். செல்போனில் அவருடைய மைத்துனர். "மாஸ்டர், மச்சான் காலைல மௌத்தாயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சுங்க. அஸர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம். வந்துருங்க" என்றார். அப்போது மணி இரண்டு, அஸருக்கு நாலு மணிக்கு மேல் ஆகும். சேந்தமங்கலம் போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். கச்சேரி இருக்கிறதே என்று இழுத்தேன். கச்சேரி ஏழு மணிக்குத்தான். நினைத்திருந்தால் போய்விட்டே வந்திருக்கலாம். நான் போகவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார் புகைந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் ஓடுவீர்கள். கிட்டார் செய்தவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலரும் நினைவில் வைத்திருப்பது ஒன்றே ஒன்றை: அவர் செய்த கிட்டாரால் மலையில் இருக்கும் வளப்பூர் நாட்டு செல்வராசுவின் இடது கை போயிற்று என்பதை. அது அப்படி நடக்கவில்லை. எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எட்டு வருடம் உயிரோடு இருந்தார். எட்டு வருடமும் நான் அதைச் சொல்லவில்லை. அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் போனதும் அதனால்தான்.

1997-இல் எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒரு கிட்டார் இருந்தது. பழையது. கோவில் சீரியல் லைட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு நின்றால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். ட்யூப் லைட்டைக் கண்டாலும் இரையும். சரி செய்ய ஆள் தெரியாமல், காயில் என்றால் காயில்தானே என்று சாகுல் பாயிடம் கொண்டுபோனேன். அவர் அதற்கு முன் கிட்டாரைக் கையில் தொட்டதில்லை. கம்பிக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பின் மூடியைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். "இது மோட்டாருக்குத் தம்பிதானுங்க மாஸ்டர். மோட்டாருல கரண்டு உட்டாச் சுத்துது. இதுல கம்பி ஆடுனாக் கரண்டு வருது. அவ்வளவுதான்" என்றார். எங்கள் குழுவில் பத்து வருடம் கிட்டார் வாசித்தவர்களுக்கே அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கும் தெரியாது.

அதன் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது கிட்டார். கோயம்புத்தூர் போனவர் ஒரு பழைய எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையோடு திரும்பினார். அதில் ஹம்பக்கர் என்ற வகைப் பிக்கப்பின் படம் இருந்தது. ஒரு காயிலுக்குப் பதில் இரண்டு. இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்து, ஒன்றை வலம் சுற்றி மற்றதை இடம் சுற்றுவது. காந்தத்தையும் ஒன்றில் வடக்கும் மற்றதில் தெற்குமாக வைப்பது. "வெளிய இருந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணா நுழையுமுங்க. நுழைஞ்சதும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு ஒழிஞ்சிரும். பாட்டு மட்டும் ரெண்டு மடங்கா வரும்" என்று விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த மாதிரித் தலையாட்டினேன். குழுத் தலைவன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

எங்கள் கிட்டார்க்காரர்தான் செல்வராசு. அப்போது முப்பது வயது, கல்யாணமானவர். வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். ஒத்திகைக்கு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவார். பாடிக்கொண்டே வாசிக்கக்கூடியவர், அதனாலேயே எங்கள் குழுவுக்கு மலை முழுக்கக் கிராக்கி. சாகுல் பாய் புதிதாக ஒரு கிட்டாரே செய்கிறேன் என்றதும் செல்வராசு ஒரே பிடியாக நின்றார். மூன்று பிக்கப் வேண்டும், மூன்றும் ஹம்பக்கராக இருக்க வேண்டும். எங்கோ ஒரு படத்தில் அப்படிப் பார்த்துவிட்டாராம். இரண்டே அதிகம், நடுவில் ஒன்று வந்தால் மீட்டும் கைக்கு இடைஞ்சல் என்று நான் சொன்னேன். "இருந்துட்டுப் போவட்டும் மாஸ்டர். கேக்கறவரு வாசிக்கறவரு. நம்மளுதா கையி?" என்றார் பாய்.

பலகை மலையிலிருந்து வந்தது. செல்வராசுவின் அப்பா தோட்டத்தில் காற்றில் சாய்ந்த பலா மரம். கடைக்கு மேலே தகரத்துக்கு அடியில் ஒரு கோடை முழுக்கக் காய்ந்தது. காய்ந்த பிறகும் எடை குறையவில்லை. செல்வராசு தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாய், இதுக்கு ஒரு சோடி மாடு வேணுமுங்க" என்றார். காந்தம் எங்கே கிடைத்தது தெரியுமா? மர பீரோக் கதவு மூடிக்கொள்வதற்கு ஒரு சின்னக் காந்தம் வைப்பார்களே, அதை உடைத்து எடுத்தார். ஹார்டுவேர்க் கடைக்காரர் பாய் ஊருக்கெல்லாம் பீரோ செய்கிறார் என்றே நினைத்திருந்தார். கம்பி, தலைமுடியைவிட மெல்லியது. மோட்டார் சுற்றும் அதே கை மெஷினில் ஒரு காயிலுக்கு ஐயாயிரம் சுற்று. நாலாயிரத்தில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்குவார். சுற்றும்போது கடையில் ஃபேன் போடக்கூடாது, யாரும் தும்மக்கூடாது. அப்படி ஆறு காயில்.

அதில் ஒரு தவறும் செய்தார். நடுப் பிக்கப்பை மற்ற இரண்டோடு இணைக்கும்போது அதன் இரு முனைகளையும் மாற்றிச் சேர்த்துவிட்டார். அது தனியாகப் பாடும்போது ஒன்றும் தெரியவில்லை. கீழ்ப் பிக்கப்போடு சேர்த்துப் போட்டால் சத்தம் மூக்கடைத்த மாதிரி மெலிந்து வந்தது. எனக்குச் சிரிப்பு. பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. செல்வராசு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே வாசித்துக்கொண்டிருந்தார். கரகாட்டத்துக்கு ஊதுகிற சத்தம் மாதிரி இருக்கிறது, இதை மாற்ற வேண்டாம் என்று கெஞ்சினார். பாய் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒத்திகைக்கு வந்திருந்த எல்லாரையும் நிறுத்தி, "இது நான் பண்ணுன தப்புங்க. செல்வராசுக்குப் புடிச்சதால இருக்குது. தப்பு தப்புதான்னு மொதல்ல சொல்லிப்போடோணும், அப்பறம் வெச்சுக்கறதோ திருத்தறதோ பாத்துக்கலாம்" என்றார். யாரும் கேட்காத விஷயத்துக்கு எதற்கு இத்தனை பேச்சு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வருடம் அந்தக் கிட்டார் எங்கள் மேடையில் இருந்தது. மூன்று பிக்கப்புக்கும் மூன்று ஸ்விட்ச் வைத்திருந்தார். பாட்டின் நடுவில் செல்வராசு சுண்டுவிரலால் ஸ்விட்சைத் தட்டினால் சத்தத்தின் நிறமே மாறும். சீரியல் லைட்டுக்கு அடியில் நின்றாலும் ஒரு முணுமுணுப்பு கிடையாது. நாமக்கல், திருச்செங்கோடு என்று வேறு குழுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மூன்று பேர் தங்களுக்கும் செய்து தரச் சொன்னார்கள். பாய் கடையில் மூன்று பலாப் பலகைகள் காயத் தொடங்கின.

கிட்டாரைக் கையில் கொடுத்த அன்றே அவர் எங்களுக்குச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. கிட்டாரின் கம்பிகள் எல்லாம் ஒரு ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கின்றன. பெட்டி, ப்ளக்கில் இருக்கும் பச்சை ஒயர் வழியாக மண்ணோடு சேர்ந்திருக்கிறது. பச்சை ஒயர் இருக்கும்வரை பெட்டிக்குள் என்ன கோளாறு வந்தாலும் கரண்டு மண்ணுக்குப் போய்விடும். அது இல்லாவிட்டால் வாசிக்கிறவன் உடம்புதான் வழி. "சில மேடைல மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் சேந்தா ஒரு இரைச்சல் வருமுங்க. அது கிட்டாரு இரைச்சலில்லீங்க, வேற. பச்ச ஒயரக் கழட்டுனா அது நின்னுரும். கழட்டீராதீங்க மாஸ்டர். இரைஞ்சா இரையட்டும், நான் வந்து பாக்கறேன்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் அவசர புத்தி அவருக்குத் தெரியும்.

மறுவருடம் வளப்பூர் நாட்டில் ஒரு மாரியம்மன் நோம்பி. கடைசி பஸ்ஸுக்குக் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் மலையில் கச்சேரியைப் பகலிலேயே வைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு. ஜும்மா முடித்துவிட்டு மதிய பஸ்ஸில் வருவதாக பாய் சொல்லியிருந்தார். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடை கோவில் மண்ணிலேயே போட்டிருந்ததால் செருப்புப் போடக்கூடாது. பலகைக்கு அடியில் ஈரம், மேலேயும் ஈரம். ஒயர்களைச் சேர்த்துப் போட்டதும் இரைந்தது. பாய் சொன்ன அதே இரைச்சல்.

மதிய பஸ் வரவில்லை. கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்று வழி அடைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். விழாக் கமிட்டிக்காரர் மேடைக்கு வந்து, "என்னங்க மாஸ்டர், வண்டு கத்தறதக் கேக்கவா சனம் உக்காந்திருக்குது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. செல்வராசு, "பாய் வந்துரட்டுமுங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் ப்ளக்கைப் பிடுங்கி, ஓரமாகக் கொண்டுபோய்த் திறந்து, பெரிய பின்னின் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பச்சை ஒயரைக் கழற்றினேன். திரும்பச் சொருகியதும் இரைச்சல் நின்றுவிட்டது. செல்வராசு என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆறாவது பாட்டில் மறுபடி தூறல். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி ஓரமாக ஒழுகியதை யாரும் பார்க்கவில்லை. அதற்குள் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஈரம் இறங்கிக் கரண்டு பெட்டிக்கு வந்து, பெட்டியிலிருந்து கம்பிக்கு வந்தது. செல்வராசுவின் வாய் மைக்கில் பட்டிருந்தது, கால் ஈரத்தில் இருந்தது. பாட்டு நின்றது. இடது கை கம்பியை விடவில்லை. அவராலும் விட முடியவில்லை. அவர் விழுந்த பிறகும் கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்தது. யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். கம்பி பட்ட இடமெல்லாம் விரல் எலும்புவரை வெந்திருந்தது. மூச்சு இருந்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். அவருடைய மனைவி ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினாள்.

நான் கூடப் போகவில்லை. சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எல்லாரும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த ப்ளக்கை மறுபடி திறந்து, பச்சை ஒயரைப் பழையபடி மாட்டினேன்.  ஸ்க்ரூவை இறுக்கி மூடியைப் போட்டேன். என் வாழ்க்கையில் இத்தனை கவனமாக நான் செய்த வேறு காரியம் கிடையாது.

அரை மணி நேரத்தில், வளைவில் வழி விட்டு, மதிய பஸ் வந்தது. பாய் இறங்கி ஓடி வந்தார். செல்வராசு எங்கே என்றுதான் முதலில் கேட்டார். சொன்னார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள். "கிட்டார்லதான் எங்கியோ லீக்குங்க பாய்" என்றேன். "கிட்டார்ல லீக்காவறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார், மெதுவாக.  கூட்டத்துக்கு நான் சொன்னதே போதுமாக இருந்தது. மோட்டார்க்காரனுக்கு எதற்குக் கிட்டார் என்று ஒருவர் சொன்னார். மறுநாளைக்குள் அது மலை முழுக்கவும் அடிவாரம் முழுக்கவும் பரவியது. ஆம்ப்ளிஃபயரை அவரே மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு எடுத்துப்போனார்.

செல்வராசு பிழைத்தார். இரண்டு விரல்களை எடுத்தார்கள், மற்றவை மடங்கியே நின்றுவிட்டன. கிட்டாரை அவருடைய அப்பா கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்தார். செய்யச் சொல்லியிருந்த மூன்று பேரும் வேண்டாம் என்றார்கள். பாய் பலகைகளை ஒரு தச்சருக்குக் கொடுத்துவிட்டு மோட்டாருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் கிட்டாருக்காக ஒரு காயில்கூடச் சுற்றவில்லை. செல்வராசுவைப் பார்க்க நாலு தடவை மலைக்குப் போனார். நாலு தடவையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை அப்பா, "உங்க கிட்டாரு என்ர பையன் கையத் தின்னுப்போட்டுது. இன்னும் என்ன பாக்க வந்தீங்க?" என்று கேட்டாராம். பாய் பதில் சொல்லாமல் திரும்பியிருக்கிறார்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் அவர் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று பயந்தேன். போய் உட்கார்ந்தால் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். ஸ்டூல் போடுவார். கடைக்குப் பின்னால்தான் வீடு, அங்கிருந்து டீ வரும். அவரே பேச்செடுப்பார். "அன்னிக்கு என்ன நடந்திருக்குமுன்னு நெனைக்கறீங்க மாஸ்டர்?" என்பார். "அதான் புரியலீங்க பாய்" என்பேன். சரியென்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கினேன்.

அடக்கத்துக்குப் போகாதவன் மூன்றாம் நாள் போனேன். அவருடைய மனைவி ஜொகரா, கணவன் இறந்த பின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தார்கள். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பேசினார்கள். முகம் தெரியவில்லை. நான் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னேன். 

"அவருக்குத் தெரியுமுங்க மாஸ்டர்" என்றார்கள்.

எதுவென்று நான் கேட்கவில்லை.

"மறுநாளே ப்ளக்கத் தொறந்து பாத்தாரு. அந்த ப்ளக்க மாட்டிக் குடுத்ததே அவருதானுங்க. அவரு எந்த ஸ்க்ரூல ஒயரச் சுத்துனாலும் முறுக்கற பக்கமாத்தான் சுத்துவாரு. முப்பது வருசப் பழக்கம். பச்ச ஒயரு மட்டும் எதிர்ப் பக்கமாச் சுத்தியிருந்துச்சு. என்னையும் கூப்புட்டுக் காட்டுனாரு. ஊருல சொல்லிப்போடுங்கன்னேன். மாஸ்டருக்குக் குழுதான் பொழப்பு, எனக்கு மோட்டாரு இருக்குதுன்னுட்டாரு. சரி, அவருகிட்டயாச்சும் கேளுங்கன்னேன். நான் கேட்டா ஆமாம்பாரு, அது அவரு சொன்னதா ஆவாது, அவரே சொல்லட்டும்னாரு."

திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க வந்துட்டுப் போனதும் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நான் கேப்பேன், இன்னிக்காச்சும் சொன்னாரான்னு. இல்லம்பாரு. அடுத்த வாரம் பாக்கலாம்பாரு. அந்த டீயெல்லாம் நான் போட்டதுதானுங்க. ஒரு டம்ளருகூட மனசோட போட்டதில்ல. போயிட்டு வாங்க."

எழுந்து வந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அது யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்?

போன வாரம் வளப்பூர் நாட்டுக்குப் போனேன். செல்வராசு வாசலில் மிளகு காயப்போட்டு, வலது கையால் துழாவிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா இப்போது இல்லை. "வாங்க மாஸ்டர்" என்று எழுந்தார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது, மறுபடி மாட்டியது, கிட்டார்தான் என்று வாய்கூசாமல் சொன்னது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்க்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

"மறுநாள்ல இருந்து."

"அப்ப நாலு தடவயும் தெரிஞ்சுக்கிட்டேதான் வந்தாருங்களா? நான் உள்ள படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்பன் பேசுன அத்தனையும் கேட்டேன். பாய் ஒரு வார்த்தகூட மறுத்துச் சொல்லலீங்க."

 அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வாசலில் நின்றேன். வெயில் இறங்கியது. அவர் மனைவி வந்து மிளகை அள்ளிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "கடைசி பஸ்ஸு வார நேரமுங்க" என்றாள்.

இறந்தவர்களிடமிருந்து பெற்றுக்கொண்டது என்ன என்று எழுதுவது இப்படிப்பட்ட கட்டுரைகளில் வழக்கம். சாகுல் பாய் எனக்கு எட்டு வருடம் கொடுத்தார். ஒரு வார்த்தையைச் சொல்ல அத்தனை வெள்ளிக்கிழமைகள். ஒன்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. இனி அவை என்னிடமே இருக்கும், எனக்கு ஒரு உபயோகமும் இல்லாமல். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்காவது டீக்கடையிலோ கோவில் மேடையிலோ அந்தக் கிட்டாரைப் பற்றிப் பேச்சு வந்தால், அது நல்ல கிட்டார் என்று சொல்லுங்கள். செய்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லுங்கள். பிறகு என் பெயரைச் சொல்லுங்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள்.